லைனில் இருங்க

ஃபேர்லேண்ட்ஸ் டாக்டர் சீட்டில்
மருந்தே எழுதவில்லை.
நடங்க. நல்லா தூங்குங்க. உப்பைக் குறைங்க.
புதுசா ஏதாவது கத்துக்குங்க. நாலு பேரோட பேசுங்க.
கடைசியில், அடிக்கோடிட்டு:
காதுக்கு மெஷின்.

எனக்கா?
சேலம் ட்ரங்க் எக்ஸ்சேஞ்சில் முப்பத்தோரு வருஷம்
ஊரின் கல்யாணத்தையும் சாவையும்
முதலில் கேட்ட காது இது.
ஏற்காட்டு எஸ்டேட் ஒவ்வொன்றின் நம்பரையும்
இன்றைக்கும் தூக்கத்தில் சொல்வேன்.
ஃப்ரிட்ஜைத் திறந்து அந்தக் குளிரில் நிற்கையில்
எதற்கு வந்தேன் என்பதுதான்
வர மாட்டேன் என்கிறது.

“சரியா கேக்கலைன்னா
ஊகிச்சு ஊகிச்சே மூளை களைச்சுடும்மா” என்றார்.
அது புரிந்தது.
இரைச்சல் லைனில்
பாதி வார்த்தையை வைத்து மீதியைக் கட்டி,
ஷிஃப்ட் முடிந்து வீடு வரைக்கும் கூடவே வருமே
அந்தத் தலைவலி.

மெஷின் போட்ட முதல் நாள்
வீட்டுக்குள் என்னென்னவோ குடியிருந்தன.
சுவர்க்கடிகாரம். என் செருப்பின் தேய்ப்பு.
மாடி வீட்டு மருமகள் ஃபோனில் அழுவது.
அதை மட்டும் பழைய பழக்கத்தில்
கேட்காததாக வைத்துக்கொண்டேன்.

காலையில் மூக்கனேரிக் கரை.
தினமும் ஒரே வழி என்றால் கால் மட்டும்தான் நடக்கும்;
ஒரு நாள் ஏற்காடு ரோடு, ஒரு நாள் சின்னக்கொல்லப்பட்டி,
ஒரு நாள் வழி தவறி யார் வீட்டு மாட்டுக் கொட்டகையிலோ.
முக்குளிப்பானையும் நீர்க்காகத்தையும்
பிரித்துச் சொல்லக் கற்றாயிற்று.
தட்டுவடை செட்டை வாரத்துக்கு ஒன்றாகக் குறைத்ததுதான்
எல்லாவற்றிலும் கஷ்டம்.
(சத்தியமாக, இரண்டு.)

வியாழன் மத்தியானம் புது பஸ் ஸ்டாண்ட்.
கர்நாடகா வண்டிகளின் போர்டில்
எழுத்துக்கூட்டிக் கன்னடம் படிக்கிறேன்.
பெங்களூரு வசப்பட்டுவிட்டது.
மைசூரு, நான் பாதியில் இருக்கும்போதே
கிளம்பிப் போய்விட்டது.

ஏழு மணிக்கு ஜெசிந்தா.
பக்கத்து போர்டில் உட்கார்ந்தவள்,
இப்போது மலைமேல், நாகலூர் போகிற வழியில், மகனோடு.
நான் பெயர் சொன்னால் அவள் நம்பர்,
அவள் நம்பர் சொன்னால் நான் பெயர்.
தோற்றவள்தான் மறுநாள் கூப்பிட வேண்டும்.
கால் இலவசமான காலத்திலும்
கணக்கு கணக்குதான்.

ஐப்பசி மழையில் ஒரு நாள்
“பெரிய ஆஸ்பத்திரி?” என்றேன்.
சத்தமில்லை.
அந்தக் காலத்தில் மலையில் பனி இறங்கினால்
லைன் இப்படித்தான் போகும்.
“திலோ, அது யாரோட நம்பர்?” என்றாள்
என் கேள்வியை என்னிடமே திருப்பி.
மறுநாள் கலெக்டர் பங்களா போயிற்று.
தையில் எப்போதோ
திலோவும்.

“விட்டுடுங்க ஆன்ட்டி, உங்களுக்கு எதுக்குச் சிரமம்”
என்றான் மகன்.
இரண்டு முனையிலும் ஆள் இருக்கிறவரை
ப்ளக்கைப் பிடுங்கக் கூடாது.
எங்களுக்குச் சொல்லித்தந்த முதல் பாடமே அது, தம்பி.

ஏழு மணிக்கு நான்தான் கூப்பிடுகிறேன்.
கேள்விகளை நிறுத்திவிட்டேன்.
கரையில் நின்ற நாரையை,
தப்பிப் போன மைசூருவை,
உப்புக் குறைத்த ரசத்தைச் சொல்கிறேன்.
அவள் மூச்சு கேட்கிறது.
பின்னால் சில்வர் ஓக் மரங்களில் மழை கேட்கிறது.
பதினெட்டாயிரம் கொடுத்தது
இதற்குத்தான் போலிருக்கிறது.

நேற்று
ரசத்தின் நடுவே குறுக்கிட்டாள்.
இருபத்தைந்து வயதுக் குரல்,
இஸ்திரி போட்டது மாதிரி:
“மூணு நிமிஷம் முடிஞ்சது. எக்ஸ்டென்ட் பண்ணவா?”

பண்ணுங்க, என்றேன்.
பண்ணுங்க மேடம்.

விட்ட இடம் எதுவென்று தெரியாமல்
ரசத்தை முதலிலிருந்து வைத்தேன்.
பெருங்காயம் போட்டதாகச் சொன்னேனா,
அதுதான் ஞாபகமில்லை.